பன்னிரண்டு பேணிச் சத்துமா

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், திருகோணமலை உட்துறைமுகச் சமூகஒளி மன்றத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்வொன்று எதிர்வரும் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மன்றத் தலைவர் சமூகஜோதி, தேசமாமணி, சமாதான நீதவான் க. இராசையா அவர்களின் தலைமையில் நடந்தேறவுள்ளது. தீக்காயங்களுக்கு உள்ளாகி உயிருக்குப் போராடும் இளங் குடும்பஸ்தர் ஒருவருக்கு, கடல்கடந்த உறவுகளின் கருணையினால், பன்னிரண்டு பேணிச் சத்துமா கையளிக்கப்படும். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்பன இடம்பெறும். அனைவரும் வருக.

இளங் குடும்பஸ்தரின் பெயர் அறிவித்தல் பனரில் இல்லை. இடம் போதவில்லை. பனரின் இடது பக்கம் முழுவதும் இராசையா கைகூப்பிக்கொண்டு நின்றார். வலது பக்கத்தில் பிரதம விருந்தினர். மீதி இருந்த இடத்தில் எழுத்துக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

பெயர் வினோதன். வயது முப்பத்து நாலு. வெல்டிங் வேலைக்காரன். உட்துறைமுகப் பக்கம் படகு திருத்துகிற பட்டறை ஒன்றில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை இரண்டாக வெட்டித் தரச் சொன்னார்கள். வெறும் பீப்பாய்தான் என்றார்கள். எண்ணெய் முடிந்துவிட்டால் பீப்பாய்க்குள் ஒன்றும் இல்லை என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். வெட்டச் சொன்னவர்களும் அதில் அடக்கம். ஆனால் வெட்டியது அவர்கள் இல்லை. முதுகு, வலது கை, இரண்டு தொடை. உடம்புத் தோலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வார்டுக்கு வந்த அன்று அவன் அறுபத்தாறு கிலோ. ஐந்தாம் கிழமை தராசில் ஏற்றியபோது நாற்பத்தொன்பது.

"நெருப்பு அணைஞ்சிட்டுது எண்டு நினைக்கிறியள், என்ன?" என்று டொக்டர் தர்சிகா வினோதனின் மனைவி சோபனாவிடம் கேட்டாள். தர்சிகா நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கிற டொக்டர். "அணையேல்லை, அக்கா. உள்ளுக்கு எரிஞ்சுகொண்டுதான் இருக்குது. தோல் போன உடம்பு சூட்டைப் பிடிச்சு வைக்க ஏலாது. இரவு பகலா அடுப்பு மாதிரி எரிக்கும். நாங்கள் விறகு குடுக்காட்டி, தன்ர தசையை எடுத்துப் போட்டு எரிக்கும்."

விறகுக்கு ஒரு பட்டியல் எழுதித் தந்தாள். நாளுக்கு எட்டு முட்டை. மீன், கோழி, பால், பருப்பு. சோற்றுக்கு மேலே எண்ணெய். அதோடு புரதச் சத்துமா. சத்துமா ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிருந்தது. வரும் என்று சொன்னார்கள். மூக்கால் குழாய் விட்டு ஊட்டிப் பார்த்தார்கள். வினோதன் அதை இரண்டு தரம் பிடுங்கி எறிந்துவிட்டான்.

"தோல் எடுத்து ஒட்டுற பெரிய டொக்டர் மூண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் இஞ்ச வாறவர். வாற திங்கள் இல்லை, அதுக்கடுத்த திங்கள். அண்டைக்கு இவர் ஐம்பது கிலோவிலயாவது நிக்க வேணும்."

"நிக்காட்டி?"

"ஒட்டினாலும் பிடிக்காது. ஒட்டாமல் விட்டால் இன்னும் மூண்டு கிழமை திறந்த புண்ணோட கிடக்க வேணும்." தர்சிகா பேனையின் மூடியைக் கழற்றினாள், திரும்ப மூடினாள். "கிருமி மூண்டு கிழமை பாத்துக்கொண்டிருக்காது, அக்கா."

ஒரு கிலோ. சோபனா அதைக் கணக்காக நினைக்கவில்லை. ஒரு பை சீனியாக நினைத்தாள். கடையில் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிற பாரம். அவ்வளவு இறைச்சி இரண்டு கிழமைக்குள் அவனுடைய எலும்பில் ஏற வேண்டும்.

மன்றத்திடம் சத்துமா இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னது முகநூல். கனடாவில் இருக்கிற பொடியள் வினோதனுக்கென்று பன்னிரண்டு தகரப் பேணி அனுப்பியிருப்பதாக இராசையா மூன்று முறை பதிவு போட்டிருந்தார். வைபவம் மூன்று முறை பின்போடப்பட்டதாகவும் போட்டிருந்தார். முதல் முறை பிரதம விருந்தினருக்குக் கல்யாண வீடு. இரண்டாம் முறை கொழும்புப் பயணம். மூன்றாம் முறை ஒரு பஸ் தரிப்பிடத் திறப்பு.

அவள் இராசையாவின் வீட்டுக்குப் போனாள். கூடத்துக் கதிரைகளுக்கு மேலே சுவர் முழுக்கப் பொன்னாடையோடு இராசையா. மூலையில் ஒரு காட்போட் பெட்டி, வாய் ஒட்டப்பட்டபடி.

"அதுதான்," என்றார் இராசையா, கோயில் மூலஸ்தானத்தைக் காட்டுகிற மாதிரி.

"ஐயா, ஒரு பேணி மட்டும் இப்ப தாங்கோ. மற்றதை வைபவத்தில தாங்கோ."

இராசையாவுக்கு எங்கேயோ வலித்தது. கண்ணை மூடித் திறந்தார். "இரும் பிள்ளை. ஒண்டு விளங்கிக்கொள்ளும். பன்னிரண்டு பேணியையும் கோபுரமா அடுக்கிறது எண்டு திட்டம். கீழ ஐஞ்சு, அதுக்கு மேல நாலு, பிறகு ரெண்டு, உச்சியில ஒண்டு. பதினொண்டை வைச்சு நீர் அடுக்கிக் காட்டும் பாப்பம்."

"நான் ஒரு வெறும் பேணி கொண்டுவந்து தாறன். படத்தில தெரியாது."

"அது மோசடி," என்றார் இராசையா. அவர் சமாதான நீதவான்.

"ஐயா, அவர் மெலிஞ்சுகொண்டு போறார்."

"அதுக்குத்தானே பிள்ளை நாங்கள் பாடுபடுறம். ஸ்டிக்கர் அச்சகத்தில. நாளைக்கு வந்திடும். ஒவ்வொரு பேணியையும் சுத்தி ஒட்ட வேணும். கனடாப் பொடியள் படத்தில மன்றத்தின்ர பேர் தெளிவாத் தெரிய வேணும் எண்டு கேட்டவங்கள்." கைத்தொலைபேசியை நீட்டி ஸ்டிக்கரின் மாதிரியைக் காட்டினார். மன்றத்தின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. இராசையாவின் முகத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அவள் படியால் இறங்கும்போது அவர் பின்னால் கூப்பிட்டார். "பிள்ளை, ஏற்புரை ரெண்டு நிமிசம். தம்பியிட்டச் சொல்லி வையும்."

மிச்சம் இருந்தது முட்டை.

சோபனா தன் ஊர் கப்பல்துறையில் நாலு வீடு சொல்லிவைத்து ஊர்க்கோழி முட்டை எடுத்தாள். விடியப்புறம் எட்டு அவிப்பாள். பெட்டியில் அடைத்து, ஐந்தரை பஸ்ஸில் ஏறி, சீனன்குடாவும் எண்ணெய்த் தாங்கிகளும் பின்னால் போவதைப் பார்க்காமலே பார்த்துக்கொண்டு, ஆறரைக்கு வார்டில் நிற்பாள். ஏழு மணிக்கு வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். எட்டு மணிக்கு அவள் தையல் கடையில் இருக்க வேண்டும். அந்த அரை மணியில் வினோதனுக்கு ஒரு முட்டை கூட இறங்காது. மணிக்கு ஒன்றாக, மெல்ல மெல்ல ஊட்ட வேண்டும். ஆகவே பெட்டியை இரவு பகலாகத் துணைக்கு இருக்கிற மச்சாளிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

மச்சாள் பாக்கியரத்தினம் வினோதனின் தமக்கை. கிளிவெட்டியில் வெட்டுக்கு நின்ற வயலைப் பக்கத்துக் காணிக்காரனிடம் விட்டுவிட்டு, தம்பிக்காக வந்து கதிரையில் குந்தியவள். ஐந்து கிழமையாக அந்தக் கதிரைதான் அவளுக்குக் கட்டில். தம்பிக்காகத் தானும் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்தாள். அன்பில் குறை சொல்ல ஏலாது. சொல்ல முடிந்திருந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

பின்னேரம் பெட்டி வெறுமையாகத் திரும்பி வரும்.

"சாப்பிட்டவரோ, மச்சாள்?"

"ஒண்டும் மிஞ்சேல்லை," என்பாள் பாக்கியரத்தினம். அதில் பொய் இல்லை.

திங்கட்கிழமை தராசு நாற்பத்தெட்டே அரை என்றது.

டொக்டர் தர்சிகா தராசைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். அட்டையில் தாதி ஒவ்வொரு நாளும் 'முட்டை எட்டு' என்று எழுதியிருந்தாள். பெட்டி வெறுமையாக இருந்தால் வேறு எதை எழுதுவது.

"எட்டும் சாப்பிட்டவரோ?"

"எட்டும்," என்றாள் சோபனா.

"அப்ப எங்க போகுது?" என்று தர்சிகா கேட்டாள். வினோதன் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது எங்கே போனது என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அடுத்த கட்டிலில் கிண்ணியா ஜெமீல் இருந்தார். மீன்பிடிப் படகின் எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றும்போது பற்றிக்கொண்டது. வினோதனுக்கு ஒரு கிழமை பிந்தி வந்தவர். போன தடவை பெரிய டொக்டர் வந்தபோது அவருடைய தொடையில் தோல் ஒட்டினார்கள். வாற திங்கள் கைக்கு ஒட்டுவதாக இருந்தது. அவருடைய மனைவி ஸல்ஹா அன்று பின்னேரம் சோபனாவை வார்டுக்கு வெளியே மறித்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, ஒங்களுக்கு நான் எப்பிடிச் சொல்ற எண்டு தெரியல்ல. ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்காகக் கேக்கிறன்."

"ஏன் அக்கா?"

"அந்த முட்டை. ஒரு நாளா, ரெண்டு நாளா. ஒங்கட மதினி கொண்டுவந்து இவருக்கு ஊட்டாத குறை. இவர் வேணாம் எண்டார். அவ உடல்ல. 'எங்கட பொடியன் சாப்பிடமாட்டான், வீணாப் போகக்கூடாது' எண்டா. டொக்டர் சொல்றார் இவர்ர தோல் இவ்வளவு கெதியாப் புடிச்சதே சாப்பாட்டாலதானாம். அறுபத்திரெண்டு கிலோ இரிக்கிறார் தங்கச்சி."

சோபனா அவளுடைய கைகளை விடுவித்துக்கொண்டாள். ஸல்ஹாவுக்கு ஏதோ பிழையாகிவிட்டது என்று மட்டும் விளங்கியது.

பாக்கியரத்தினம் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தேவை இருப்பதாக அவளுக்குப் படவில்லை.

"ஓம், குடுத்தனான். பின்ன என்ன, கிரந்திச் சாமானைப் புண்காரனுக்குக் குடுக்கிறதே?"

கிரந்தி என்றால் புண்ணைக் கிளறிச் சீழ் பிடிக்கவைக்கிற சாப்பாடு. கத்தரிக்காய், தக்காளி, இறால், சில மீன். பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். முட்டை மட்டும் எல்லோருடைய பட்டியலிலும் முன்னுக்கு நிற்கும்.

"டொக்டர் எழுதித் தந்தவா, மச்சாள். எட்டு எண்டு எழுதித் தந்தவா."

"டொக்டர்ப் பிள்ளைக்கு எத்தினை வயசு? முதல் ரெண்டு நாள் நான் குடுத்துத்தான் பாத்தனான். அண்டைக்கே தொடங்கிட்டுது, கால் முழுக்கக் கடி. சொறிய ஏலாமல் பொடியன் பல்லைக் கடிச்சுக்கொண்டு அழுதவன். நீர் பாத்தனீரோ? நான் பாத்தனான். கேளும் அவனை."

சோபனா அவனைப் பார்த்தாள்.

"கடிக்குது சோபி," என்றான் வினோதன். "முட்டை திண்டால் கடிக்குது. நான்தான் அக்காவிட்ட வேண்டாம் எண்டனான்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ அழுவாய்."

அவள் அழவில்லை. ஆறு கிழமையாகத் தோலில்லாமல் கிடக்கிற ஒருவனைப் பார்த்துக் கத்த ஏலாது. கையைப் பிடித்து உலுக்க ஏலாது, வலது கை முழுக்கக் கட்டு. எட்டு முட்டையை நாலு வீட்டில் பிச்சை கேட்கிற மாதிரிக் கேட்டு வாங்கி, அடுத்த கட்டில்காரரைக் கொழுக்க வைத்திருக்கிறாள்.

தர்சிகாவைக் கூட்டிவந்தாள். தர்சிகா கட்டிலோரத்தில் குந்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "புதுத் தோல் வளரேக்கதான் அண்ணை கடிக்கும். கடிச்சால் சந்தோசப்படுங்கோ. கடியாட்டித்தான் நான் பயப்பிட வேணும்."

"அப்ப சீழ்?" என்று பாக்கியரத்தினம் கேட்டாள்.

"சீழ் கிருமியால வாறது, அம்மா. முட்டையால இல்லை."

"எங்கட ஊரில முட்டையாலதான் வாறது," என்றாள் பாக்கியரத்தினம், பகையில்லாமல். கிளிவெட்டியையும் திருகோணமலையையும் இரண்டு வேறு உடம்பாகவே அவள் நினைத்திருக்கக்கூடும்.

வினோதன் கண்ணை மூடிக்கொண்டான். அது சம்மதமா மறுப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

தெரியவைத்தவர் ஜெமீல். இவ்வளவு நேரமும் அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெல்ல எழும்பி, ஸல்ஹாவின் தோளைப் பிடித்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். சாரத்தைத் தொடை தெரிய ஒதுக்கினார்.

"இஞ்ச பாருங்க, தம்பி."

வினோதன் கண்ணைத் திறந்தான். தொடையில் ரோஸ் நிறத்தில் தோல். சதுரம் சதுரமாய், வலை போட்ட மாதிரி அடையாளத்தோடு, ஆனால் தோல். ஓட்டையில்லாத, ஈரமில்லாத தோல்.

"இது ஒங்கட முட்டை," என்றார் ஜெமீல். "ஒண்டொண்டும் எண்ணித் திண்டிரிக்கேன். எனக்குச் சீழ் வந்திச்சா? கடிச்சிச்சி. ஆத்தாடி, என்ன கடி. ராவெல்லாம் கடிச்சிச்சி. இப்ப பாருங்க. தொட்டுப் பாருங்க."

வினோதன் இடது கையை நீட்டி ஒரு விரலால் தொட்டான். விரலை எடுக்காமல் நெடுநேரம் வைத்திருந்தான்.

"அக்கா," என்றான் பிறகு, "அந்தப் பெட்டியைத் தா."

பாக்கியரத்தினம் பெட்டியைக் கொடுத்துவிட்டு எழும்பி வெளியே போனாள். தம்பி நஞ்சு சாப்பிடுவதைப் பார்க்க அவளால் முடியாது. வராந்தாவில் நிலத்தில் குந்தித் தேவாரம் சொல்லத் தொடங்கினாள். அடுத்த ஐந்து நாளும் முட்டை நேரத்துக்கு அவள் வராந்தாவில்தான்.

சோபனா தையல் கடைக்குப் போகவில்லை; மச்சாள் விட்டுப்போன துணைக் கதிரையில் குந்தினாள். மணிக்கு ஒரு முட்டை. ஒவ்வொன்றையும் எட்டாகக் கீறி, மிளகுத்தூள் போட்டு, விழுங்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டுக் கடி எப்போது தொடங்கும் என்று அவன் காத்திருப்பான். தொடங்கும். பல்லைக் கடிப்பான். "கடிக்குது," என்பான். "நல்லது," என்பாள் அவள். வெளியே பாக்கியரத்தினத்தின் குரல் ஒரு படி உயரும். ஸல்ஹா கிண்ணியாவிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்தாள். ஜெமீல் அடுத்த கட்டிலில் இருந்து விளையாட்டு வர்ணனையாளர் மாதிரி, "அஞ்சாவது உள்ளுக்குப் போயிட்டு," என்பார். ஒரு தடவை வினோதன் சிரித்தும் விட்டான். சிரித்தால் முதுகு வெடிக்கும். ஆனாலும் சிரித்தான்.

புதன்கிழமை காலை தராசு நாற்பத்தொன்பதே முக்கால் என்றது.

"இப்பிடியே போனால் திங்கள் ஐம்பது தாண்டும்," என்றாள் தர்சிகா. மத்தியானம் அவள் ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போகிறாள், திங்கள் காலைதான் வருவாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "சத்துமா வந்தால் அதையும் குடுங்கோ."

பிற்பகல் மூன்று மணிக்கு வரலாறு வார்டுக்கு வந்தது.

தாதி ஐந்து பேருக்கு மேல் விடவில்லை, எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும் என்றாள். தீக்காய வார்டில் குத்துவிளக்கு ஏற்றுவதையும் அவள் அனுமதிக்கவில்லை. இராசையா இதைப் பண்பாட்டின் மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டார். இருந்தும் பொறுத்தார். பிரதம விருந்தினர் வரவில்லை. தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். அதை இராசையா ஒலிபெருக்கியில் போட்டு எல்லோருக்கும் கேட்கவைத்தார். நடுவில் ஒரு தடவை விருந்தினர், "இது எந்த நிகழ்ச்சி?" என்று யாரையோ கேட்டதும் கேட்டது.

பேணிகள் மேசையில் கோபுரமாக நின்றன. ஐந்து, நாலு, இரண்டு, ஒன்று. ஒவ்வொரு பேணியையும் மேலிருந்து கீழ்வரை மூடிச் சுற்றி ஸ்டிக்கர். பன்னிரண்டு இராசையாக்கள் ஒரே சிரிப்போடு வினோதனைப் பார்த்தார்கள்.

தலைமையுரை நாற்பது நிமிடம். வினோதன் சக்கர நாற்காலியில் முதுகு படாமல் முன்னுக்குச் சரிந்து இருந்தான். நாலரை முட்டை போயிருந்தது. மிச்ச மூன்றரைக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"இதில் ஒரு கரண்டி மா," என்றார் இராசையா, உச்சிப் பேணியைத் தூக்கிக்காட்டி, "எட்டு முட்டைக்குச் சமன். விஞ்ஞானம் சொல்கிறது."

எந்த விஞ்ஞானம் என்று யாரும் கேட்கவில்லை. வினோதனுடைய முகத்தில் ஐந்து நாளாக இருந்த பல்லிறுக்கம் தளர்ந்ததை சோபனா கண்டாள்.

படம் எடுக்கும்போது இராசையா முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கினார். முகம் இல்லாமல் எப்படிப் படம். பேணியை வினோதனின் இடது கையில் கொடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் திருப்பும். முகம் தெரியேல்லை."

வினோதன் முகத்தைத் திருப்பினான்.

"உம்மட முகம் இல்லை," என்றார் இராசையா.

பேணி திருப்பப்பட்டது. மூன்று தரம் எடுத்தார்கள். ஏற்புரையில் வினோதன், "நன்றி," என்றான். மன்றத்தின் வரலாற்றில் மிகச் சிறந்த உரை அதுதான்.

அவர்கள் போனபிறகு சோபனா ஐந்தாவது முட்டையின் மிச்சப் பாதியை எடுத்தாள்.

"வேண்டாம் சோபி. மா வந்திட்டுதுதானே."

"டொக்டர் அதையும் எண்டுதான் சொன்னவா. ரெண்டையும்."

"ஒரு கரண்டி எட்டு முட்டை. கேட்டனிதானே. நான் ரெண்டு கரண்டி குடிக்கிறன். மூண்டு கரண்டி. நாலு நாளைக்கு மட்டும் என்னைக் கடியில்லாமல் விடு." அவன் குரல் உடைந்தது. "கும்பிட்டுக் கேக்கிறன். கும்பிடக் கை வருகுதில்லை."

அவள் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு போடுவது, எதில் கரைப்பது என்று ஏதும் எழுதியிருக்க வேண்டும். இராசையாவின் காது, இராசையாவின் கழுத்துப்பட்டி, மன்றத்தின் தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு எடுத்தாள். "ஒரு நாளைக்கு மூண்டு தரம், தண்ணியில," என்றார் இராசையா, சற்றும் யோசிக்காமல். தொலைபேசியில் பின்னுக்கு யாரோ படத்துக்கு லைக் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மா வனிலா வாசம் அடித்தது. வினோதன் ஒரே மூச்சில் குடித்தான். ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு சாப்பாட்டை அவன் விரும்பிக் குடித்தது அன்றுதான். சோபனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் மனிசிதான். அவளுக்கும் நித்திரை இல்லாமல் ஆறு கிழமை.

பாக்கியரத்தினம் வராந்தாவிலிருந்து கதிரைக்குத் திரும்பினாள். "இதைத்தானே நான் முதலே சொன்னனான். மாவில கிரந்தி இல்லை." கரைப்பது, கலக்குவது, ஊட்டுவது எல்லாம் இனி அவள் கையில். வியாழன், வெள்ளி, சனி. சோபனா ஒவ்வொரு நாளும் முட்டை கொண்டுபோனாள், ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"வயிறு நிறைஞ்சு கிடக்குது," என்றான் வினோதன். "சோறும் வேண்டாம்."

"சத்து உள்ளுக்கு நிக்குது," என்றாள் பாக்கியரத்தினம்.

ஆஸ்பத்திரிச் சோறு வந்தபடியே திரும்பிப் போனது. தாதி அட்டையில் 'சத்துமா மூன்று தரம்' என்று எழுதினாள். ஜெமீல் மட்டும் ஒரு தரம் கட்டிலில் இருந்து, "தம்பி, முட்டையயும் திண்டா என்ன?" என்று கேட்டார். பாக்கியரத்தினம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வினோதன் சந்தோசமாகச் சொன்னான்: "சோபி, கடி நிண்டிட்டுது."

பாக்கியரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டாள். சோபனாவுக்குத் தர்சிகா சொன்ன ஒரு வசனம் நினைவுக்கு வந்தது, கடியாட்டித்தான் நான் பயப்பிட வேணும். அவள் ஓடிப்போய் முட்டைப் பெட்டியைத் திறந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கெஞ்சினாள். முட்டையை அவனுடைய உதட்டில் வைத்து அழுத்தினாள். மஞ்சள்கரு நாடியில் வழிந்தது. பாக்கியரத்தினம் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். தாதி வந்து மூவரையும் பார்த்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பெரிய டொக்டர் வந்தார். வினோதனைத் தராசில் ஏற்றினார்கள்.

நாற்பத்தெட்டு.

"பிழையாக் காட்டுது," என்றாள் சோபனா. "திரும்ப ஏத்துங்கோ."

திரும்ப ஏற்றினார்கள். நாற்பத்தெட்டு.

"கட்டை மாத்திப்போட்டு ஏத்துங்கோ. கட்டு ஈரமாயிருந்தது போன முறை, அப்ப பாரம் கூட. ஐயா, ஒருக்கா. அந்த மற்றத் தராசில ஒருக்கா ஐயா." தன் செருப்பைக் கழற்றினாள், அதனால் என்ன என்று தெரியாமலே. "ரெண்டு கிலோதானே ஐயா. நான் தோல் தாறன். என்னில எடுங்கோ."

பெரிய டொக்டர் நல்ல மனிசன். வெட்டிப் பேசவில்லை. முதுகுப் புண்ணைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஓரத்தில் ஓரிடம் பச்சையாக மாறியிருந்தது. அதை முகர்ந்தார். அட்டையில் மருந்தொன்றை எழுதினார். "அடுத்த முறை பாப்பம்," என்றார், அடுத்த முறை என்ற சொல்லை மெதுவாக. பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஜெமீலைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். வினோதனைக் கடக்கும்போது அவர் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

சோபனாவின் தொலைபேசி அடித்தது. இராசையா வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: வைபவப் படத்துக்குக் கனடாவில் அமோக வரவேற்பு, இன்னும் இருபத்துநாலு பேணி வருகிறது, தம்பி இப்போது நன்றாக உடம்பு வைத்திருப்பார், ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பும்.

கொழும்பு பஸ்ஸால் இறங்கி நேரே வார்டுக்கு வந்திருந்தாள் டொக்டர் தர்சிகா. தோளில் பை அப்படியே இருந்தது. தராசின் இலக்கத்தை ஒருவரும் அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை, சோபனாவின் வெறுங்காலைப் பார்த்தாள்.

"முட்டை?"

பாக்கியரத்தினம் அலுமாரித் தட்டிலிருந்து பேணியை எடுத்து, பெருமையோடு, இரண்டு கையாலும் நீட்டினாள். "இதைத்தான் குடுத்தனாங்கள் பிள்ளை. நாலு பேணி முடிஞ்சுது. ஒரு நேரமும் தவற விடேல்லை."

தர்சிகா பேணியைச் சுற்றிப் பார்த்தாள். நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினாள். நல்ல பசை. இராசையாவின் நெற்றி கிழிந்து வந்தது, பிறகு ஒரு கண், பிறகு மீசை, பிறகு சிரிப்பு. அதற்குக் கீழே இங்கிலீசில் எழுத்து இருந்தது. அவள் அதை ஒரு தரம் வாசித்தாள். கதிரையில் குந்தினாள். மற்றொரு தரம் வாசித்தாள்.

"என்ன டொக்டர் போட்டிருக்கு?" என்று சோபனா கேட்டாள்.

அது உடம்பு மெலிய விரும்புகிறவர்களுக்கான மா.